முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி





குருமனைக்கு வந்து என் மேசைக்கு எதிரே அமர்ந்தவர்களில் பலர் ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்துக்கும் சபைப் பதிவேட்டுக்கும் நடுவே, காகிதங்கள் பறக்காமலிருக்க, கரி படிந்த பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை வைத்திருக்கிறேனே, அது எதற்கு என்பதுதான் அந்தக் கேள்வி. "சும்மா கிடக்கட்டும்" என்று ஒவ்வொரு முறையும் மழுப்பியிருக்கிறேன். ஞாயிறு பள்ளிச் சிறுவன் ஒருவன் அதைக் கையில் எடுத்து, "ஐயா, இது துப்பாக்கிக் குண்டா?" என்று கேட்டபோதும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். இந்த வாரம் உண்மையான பதிலைச் சொல்லிவிட விரும்புகிறேன். அது எனக்குப் பெருமை தரும் கதை அன்று. ஆயினும் உங்களில் பலருடைய வாசலில் ஒரு காரோ இருசக்கர வாகனமோ நிற்கிறது. எல்லாருடைய வீட்டுக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆகவே இது உங்களுக்கும் உதவக்கூடும்.

பல ஆண்டுகளுக்கு முன், தேரிக்காட்டுப் பகுதியில் ஒரு சேகரத்தில் ஊழியம் செய்துவந்தேன். சாத்தான்குளம், நாசரேத், திசையன்விளைப் பக்கம் போயிருப்பவர்கள் அந்தச் செம்மணல் மேடுகளை அறிவார்கள். ஆடிக்காற்றில் அந்த மணல் எழும்பினால் வேட்டியின் நிறம் மாறும். மூடிவைத்த சோற்றிலும் நறநறக்கும். என் பொறுப்பில் ஐந்து சபைகள் இருந்தன. குருமனையிலிருந்து கடைசிச் சபை 22 கிலோமீட்டர் தொலைவு. என்னிடம் இருந்தது 1998ஆம் ஆண்டின் மாருதி 800. கார்புரேட்டர் உள்ள மாடல், மூன்று சிலிண்டர், ஒரு கை மாறி என்னிடம் வந்தது. எளிய, உழைக்கும் வண்டி. பின்னால் நடந்ததில் அதன்மேல் குற்றம் ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வண்டி எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்தது. காலையில் முதல் திருப்பத்தில் உயிர்பெற்ற இயந்திரம் மூன்றாம், நான்காம் திருப்பத்தில்தான் உறுமத் தொடங்கியது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது காய்ச்சல்காரனைப்போல் நடுங்கியது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 16 கிலோமீட்டர் ஓடியது 12 கிலோமீட்டராகக் குறைந்தது. மேட்டில் ஏறும்போது நடுநடுவே ஒரு துடிப்பு தவறிப்போகும் உணர்வு. நான் அதற்குப் பழகிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வரும் குறைக்கு மனிதன் எவ்வளவு எளிதாகப் பழகிவிடுகிறான்!

பஜாரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அண்ணாச்சி, வண்டி கடந்துபோகும் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஒருநாள் கைகாட்டி நிறுத்தினார்.

"ஐயா, மூணு பிளக்கையும் கழட்டிப் பாக்கணும். ஏர் ஃபில்டர்லயும் தேரி மண்ணு அடைச்சிருக்கும். அரை மணி நேர வேலைதான். வண்டியை விட்டுட்டுப் போங்க."

"அடுத்த வாரம் கொண்டுவாரேன் அண்ணாச்சி."

முதல்முறை அவர் சொன்னபோது அசனப் பண்டிகை வேலை. இரண்டாம்முறை திடப்படுத்தல் வகுப்பு. மூன்றாம்முறை என்ன காரணம் சொன்னேன் என்பதே இன்று நினைவில்லை. காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள். எல்லாம் ஊழியத்தைச் சேர்ந்தவை.

கடைசிச் சபையில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். நான் அந்தச் சேகரத்துக்குப் புதியவனாக வந்தபோது, எந்த வீட்டில் எந்த துக்கம் ஆறாமல் இருக்கிறது, எந்த இரண்டு சகோதரர்கள் ஒரே பெஞ்சில் அமரமாட்டார்கள் என்பதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர். முதுமையில் படுக்கையில் விழுந்தார். மாதந்தோறும் போய்த் திருவிருந்து கொடுத்துவந்தேன். பிறகு அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயிற்று. பிறகு நான்கு மாதங்கள் போகவில்லை. போகக்கூடாது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒவ்வொரு வாரமும், "அடுத்த வாரம்" என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில், ஒரு மணி இருக்கும், தொலைபேசி ஒலித்தது. உபதேசியாரின் மகன். "ஐயா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. உங்களைக் கேக்குறாங்க." திருவிருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டி பலமுறை முனகிய பின் உயிர்பெற்றது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டே ஓடியது. ஒரு தரைப்பாலத்தில் தேங்கிய நீர் முன்பக்கம் தெறித்ததும் இரண்டுமுறை குலுங்கி நின்றது. சாவியைத் திருப்பினேன், திரும்பத் திரும்பத் திருப்பினேன். பேட்டரி களைத்து, கடைசியில் 'டிக்' என்ற ஓசை மட்டும் வந்தது. இருபுறமும் பனங்காடு. கைப்பேசியில் சிக்னல் இல்லை. நனைந்தபடி நடந்தேன். மூன்றரை மணிக்கு மேல், மீன் எடுப்பதற்காகக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த வியாபாரி ஒருவர் தம் வண்டியின் பின்னால், காலி மீன்கூடைகளுக்கு முன்னே, என்னை ஏற்றிக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். உபதேசியார் மூன்று மணிக்கே ஆண்டவரிடம் போய்விட்டார்.

மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழையில நீங்க என்ன செய்வீங்க ஐயா?" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. தலைமாட்டில் அமர்ந்திருந்த அம்மா மட்டும் நிமிர்ந்து பார்க்காமல், குறைசொல்லும் குரலும் இல்லாமல், ஒரு உண்மையைச் சொல்வதுபோல் சொன்னார்கள்: "ராத்திரி மட்டுமா கேட்டாங்க? நாலு மாசமா ஐயா வந்தாச்சா, ஐயா வந்தாச்சான்னு கேட்டுட்டேதான் இருந்தாங்க."

பிரியமானவர்களே, அன்று நான் ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்ததாக ஊரார் நினைத்தார்கள். நான் நான்கு மாதம் தாமதமாக வந்தேன் என்பது அந்த அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

அடக்க ஆராதனை முடிந்த மறுநாள் வண்டி கட்டி இழுக்கப்பட்டுப் பட்டறைக்கு வந்தது. அண்ணாச்சி எதுவும் கேட்கவில்லை. மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஒரு செய்தித்தாளின்மேல் வரிசையாக வைத்தார். மருத்துவர் நோயாளியின் நாக்கைப் பார்ப்பதுபோல் ஒரு நல்ல மெக்கானிக் பிளக்கின் முனையைப் பார்ப்பார் என்பதை அன்றுதான் கண்டேன். அவர் சொல்லித் தந்ததையும், பின்னர் நானே படித்தும் கேட்டும் அறிந்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஸ்பார்க் பிளக் என்பது விரலளவு உள்ள சிறு உறுப்பு. நடுவே ஓர் உலோகக் கம்பி. அதைச் சுற்றி மின்சாரம் கசியாமல் காக்கும் வெள்ளைப் பீங்கான். வெளியே மரையுள்ள இரும்புக் கூடு. கூட்டின் நுனியிலிருந்து வளைந்து வந்து நடுக்கம்பியின் எதிரே நிற்கும் ஒரு சிறு உலோக நாக்கு. கம்பிக்கும் நாக்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறது. அந்த மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயும்போது பொறி பிறக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றுகிறது. பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. நாம் ஆலயத்துக்குப் போய்ச் சேர்கிறோம். ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் கோட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதனோடு இயங்கும் பிளக்கையும் 1902இல் உருவாக்கினார். நூறு ஆண்டுகளைக் கடந்தும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. டீசல் வண்டிகளுக்கு இது தேவையில்லை. அவற்றில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது.

இதன் உழைப்பைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறி வேண்டும். அப்படியானால் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,500 முறை, நொடிக்கு 25 முறை, ஒரு மணி நேரத்தில் 90,000 முறை பொறி தருகிறது. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைத் தின்றுவிடுகிறது. முனை மழுங்குகிறது, இடைவெளி விரிகிறது.

அண்ணாச்சி, மெல்லிய எஃகுத் தகடுகள் விசிறிபோல் விரியும் ஃபீலர் கேஜை எடுத்து என் பிளக்கின் இடைவெளியில் ஒவ்வொன்றாக நுழைத்துக் காட்டினார். அந்த வண்டிக்கு ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தகடும் தாராளமாக நுழைந்தது.

"இது ஒரே நாள்ல விரிஞ்சது இல்ல ஐயா. ஓடஓட விரிஞ்சிருக்கு. விரியுறது வண்டிக்காரருக்குத் தெரியாது. வண்டி நிக்கிற அன்னைக்குத்தான் தெரியும்."

இடைவெளி விரிந்தால் அதைத் தாண்ட அதிக அழுத்தம் வேண்டும். அந்தச் சுமை காயிலின்மேலும் கேபிளின்மேலும் விழுகிறது. அதோடு என் பிளக்கின் பீங்கானில் கரி படிந்திருந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறியாக வேண்டிய மின்சாரம் எளிய வழி கிடைத்ததும் கரியின் வழியாகவே கசிந்துபோகும். மழை ஈரமும் சேர்ந்துகொண்டது. நல்ல பிளக்காக இருந்திருந்தால் அந்த ஈரத்தைத் தாங்கியிருக்கும் என்றார் அண்ணாச்சி. மூன்று புதிய பிளக்குகளின் விலை, அந்த அசனப் பண்டிகையில் நாம் வாழையிலைக்குச் செலவிட்டதைவிடக் குறைவு.

பிளக்கின் நிறம் பேசும் மொழியை நீங்களும் கற்றுக்கொள்ளலாம். முனை இளம்பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் இயந்திரம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, காற்று குறைவு. பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டரின் சோக் முழுதும் திறக்காமலிருக்கும். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது என்று பொருள்; அங்கே பிளக்கை மட்டும் மாற்றுவது பயன் தராது. வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் அளவுக்கு மீறிய வெப்பம். பிளக் நோய் அன்று. பெரும்பாலும் அது நோயைச் சொல்லும் நாக்கு.

இன்னொன்றையும் அண்ணாச்சி கேட்டார்: "ஐயா பெரும்பாலும் பக்கத்துல பக்கத்துலதான் போறீங்களோ?" உண்மைதான். குருமனையிலிருந்து ஆலயம், ஆலயத்திலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து பஜார். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் சிறு ஓட்டங்களில் அது அந்த நிலையை எட்டுவதில்லை; கரி சேர்ந்துகொண்டே போகிறது. 22 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கடைசிச் சபைக்கு நான் ஒழுங்காகப் போயிருந்தால், அந்தப் பயணமே என் பிளக்கைச் சுத்தமாக வைத்திருக்கும். இதை அண்ணாச்சி சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் நானே உணர்ந்து, சற்று நேரம் சாலையோரம் நின்றுவிட்டேன்.

அன்றுமுதல் நான் கடைப்பிடிக்கும் சில ஒழுங்குகளைச் சொல்கிறேன். உங்கள் வண்டிக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளுங்கள்; வண்டியோடு வந்த கையேடு சொல்வதே முடிவான சொல்.

சாதாரண நிக்கல் முனைப் பிளக் உள்ள பழைய கார்களில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும், 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவதும் நல்லது. இரிடியம், பிளாட்டினம் முனையுள்ளவை அதைவிடப் பல மடங்கு உழைக்கும்; ஆனால் அவற்றின் நுண்ணிய முனையைக் கம்பி பிரஷால் தேய்க்கவே கூடாது. மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பிளக்கின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, கையேட்டில் உள்ள அதே வகையை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். மரை நீளம் மாறினால் பிஸ்டனில் இடிக்கவும் கூடும்.

சூடான இயந்திரத்தில் கைவைக்காதீர்கள். அலுமினிய மரை கெட்டுப்போகும். குளிர்ந்த பின், பிளக்கைச் சுற்றியுள்ள மணலையும் தூசியையும் முதலில் ஊதி அகற்றுங்கள். இல்லாவிட்டால் கழற்றியவுடன் அது சிலிண்டருக்குள் விழும். கேபிளை அதன் தலைப்பகுதியைப் பிடித்து இழுங்கள், கம்பியைப் பிடித்து அன்று. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் வரிசை மாறாது. இடைவெளியைச் சரிசெய்யும்போது வெளி நாக்கை மட்டுமே மெல்ல வளைக்க வேண்டும், நடுக்கம்பியை நெம்பக்கூடாது. திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். தடையில்லாமல் இறங்கினால்தான் மரை நேராக விழுந்திருக்கிறது. வாஷர் வைத்த புதிய பிளக், அடிவரை இறங்கி அமர்ந்தபின் ஸ்பேனரால் ஏறக்குறைய அரைச் சுற்று போதும். பலத்தைக் காட்டி முறுக்கியவர்கள், மலிவான பிளக்குக்காக விலைமிகுந்த சிலிண்டர் ஹெட்டைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிளக்கை மட்டும் காத்தால் போதாது. நம் ஊர்த் தூசிக்கு ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்வதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஆயிலைக் காலத்தில் மாற்றினால் பிஸ்டன் வளையம் நீடித்து உழைக்கும். கடற்காற்று படும் ஊர்களில் பேட்டரி முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் படிவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, சிறிது வாசலின் தடவுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள், துரு பிடிக்காது. டயர்க் காற்றை மாதத்துக்கு இரண்டுமுறையாவது பாருங்கள். பற்றாத பிளக்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். புதிய வண்டிகளில் புகைபோக்கி வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரும் பாழாகும். சிறிய உறுப்பின் தேய்மானத்துக்குப் பெரிய உறுப்புகள் விலை கொடுக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை இருபது, முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள்.

அந்த நீண்ட ஓட்டத்துக்கு, நீங்கள் நெடுநாள் போகாத ஒரு வீட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பிரியமானவர்களே, அந்தப் பிளக்கைப் பார்க்கும்போதெல்லாம் என்னைத் தொடும் உண்மை ஒன்று உண்டு. அது தவறு செய்து தேயவில்லை. சோம்பியிருந்தும் தேயவில்லை. நொடிக்கு 25 முறை தன் வேலையை உண்மையாகச் செய்தே தேய்ந்தது. உபதேசியாருக்கும் எனக்கும் நடுவே இருந்த இடைவெளியும் அப்படித்தான் விரிந்தது. சண்டையால் அன்று, மனக்கசப்பால் அன்று. அசனப் பண்டிகையாலும் திடப்படுத்தல் வகுப்பாலும் விரிந்தது. உங்களில் எத்தனை கணவன்மார், குடும்பத்துக்காகவே உழைத்து உழைத்து மனைவியோடு பேசுவதை மறந்துபோனீர்கள்? எத்தனை பிள்ளைகள், பெற்றோருக்குப் பணம் அனுப்புவதற்காகவே ஓடி ஓடி அவர்கள் குரலைக் கேட்க நேரமற்றுப் போனீர்கள்? உங்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. உழைப்பே இடைவெளியை விரிக்கும் என்பதை அறிந்தவன், அவ்வப்போது இயந்திரத்தை நிறுத்தி அளந்து பார்ப்பான் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இடைவெளி குறுகிப்போனாலும் பொறி பலவீனமாகும். இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டால் பொறியே இல்லை. பிள்ளைகளை மூச்சுவிடாமல் பிடித்துக்கொள்ளும் அன்பும், சபையாரின் ஒவ்வொரு காரியத்திலும் தலையிடும் மேய்ப்பனும் வெளிச்சம் தருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய அளவு ஒன்று இருக்கிறது. அதைக் காத்துக்கொள்வதுதான் பராமரிப்பு.

யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின் குத்துவிளக்கைப் பற்றிக் கர்த்தர் மோசேக்குக் கட்டளையிடுகிறார். ஏழு அகல்கள் கொண்ட அந்த விளக்கு பசும்பொன்னால் செய்யப்பட வேண்டும். அதை வியந்து பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அடுத்து வரும் சிறு குறிப்பை அந்த ஐப்பசிக்குப் பிறகுதான் நின்று வாசித்தேன். திரியின் கரியை நறுக்கும் கத்தரிகளும், அந்தக் கரியை ஏந்தும் சாம்பல் பாத்திரங்களும் அதே பசும்பொன்னால் செய்யப்பட வேண்டும் என்கிறார். கரியை எடுக்கும் கருவிக்குப் பித்தளை போதுமே என்று நாம் நினைப்போம். ஆண்டவர் அப்படி நினைக்கவில்லை. விளக்கு எரிவது எவ்வளவு பரிசுத்தமோ, அதன் கரியை எடுப்பதும் அவ்வளவு பரிசுத்தம். பிரசங்கம் ஊழியம், ஒருவர் கட்டிலருகே பத்து நிமிடம் அமர்வதும் அதே பொன்னாலான ஊழியம்.

உபதேசியாரின் வீட்டுக்கு அதன்பிறகு மாதந்தோறும் போனேன். வேறு சேகரத்துக்கு மாற்றலாகும் வரை தவறவில்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன்: "அம்மா, அன்னைக்கு உபதேசியார் என்கிட்ட என்ன சொல்ல நினைச்சிருப்பாங்க?"

அம்மா சற்று நேரம் முற்றத்தைப் பார்த்தார்கள். "பெருசா ஒண்ணும் இருக்காது ஐயா. உங்க கூடப் பேசிட்டு இருக்கணும்னு இருந்திருக்கும். அவ்வளவுதான்." பிறகு என்னைத் தேற்றுவதுபோலக் கேட்டார்கள்: "வண்டி இப்ப மக்கர் பண்ணாம ஓடுதா?"

"ஓடுதும்மா," என்றேன்.

என் காரின் பெட்டியில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் பிளக், ஆயில், ஃபில்டர், எத்தனையாவது கிலோமீட்டரில் பார்த்தேன் என்ற கணக்கு. எதிர்ப்பக்கத்தில் சபையின் முதியவர்கள், நோயாளிகள் பெயர்கள், கடைசியாக எப்போது போனேன் என்ற தேதி. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை இரண்டு பக்கங்களையும் பார்க்கிறேன். மனித உறவைக் கணக்கில் எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். என் நினைவை நம்பித்தான் நான்கு மாதத்தை இழந்தேன்.

இந்த வாரம் உங்கள் வண்டியின் பிளக்கை ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது பட்டறையில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில், "அடுத்த வாரம்" என்று நீங்கள் தள்ளிவைத்திருக்கும் ஒருவரை அழைத்துப் பேசுங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் உழைப்பினாலேயே எங்களுக்குள் விரிந்துபோன இடைவெளிகளை அளந்து பார்க்கும் மனத்தாழ்மையை எங்களுக்குத் தாரும். சிறிய காரியங்களைக் காலத்தில் செய்யக் கிருபை தாரும். எங்களுக்காகக் காத்திருக்கிறவர்களிடம், அவர்கள் காத்திருக்கும்போதே எங்களைக் கொண்டுபோய்ச் சேரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.